முன்பின் தெரியாத ஒருவரின் உடைந்த காலுக்குப் பணம் கட்டுவது எப்படி?

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்கு ‘போடா போடா’ என்று பெயர். பாதி ஊர் அதில்தான் போய்வருகிறது. ஓட்டுபவர் பெரும்பாலும் இளைஞர். வண்டி வாடகைக்கு எடுத்ததாகவோ தவணையில் வாங்கியதாகவோ இருக்கும். லாரி உரசி அவர் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது என்று வையுங்கள். அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது, 2001-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் எலும்புக்குள் வைக்க வேண்டிய கம்பியும் ஸ்க்ரூவும் பல நேரம் இருப்பில் இருக்காது. வெளியே வாங்கி வந்தால் ஆபரேஷன், இல்லையென்றால் காலில் வெயிட் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கை. அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடும் வீட்டில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அவர் படுத்திருந்தாலும் வண்டித் தவணை நிற்காது.

வெளியாளின் பணம் நேரடியாக வேலை செய்யும் இடம் இதுதான். சென்னையிலோ ஷார்ஜாவிலோ உட்கார்ந்தபடி ஐந்நூறு ரூபாய் கொடுத்தும் இப்படி ஒருவரின் அறுவை சிகிச்சையில் பங்கெடுக்கலாம். முதன்முறையாகக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

எதற்குக் கொடுக்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாத நிலையில் உலகில் 500 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-இல் கணக்கிட்டது. ஒரு மாவட்ட மருத்துவமனை ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க அந்த ஆணையம் மூன்று சிகிச்சைகளை உரைகல்லாக வைத்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை. எலும்பு முறிவு அந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல் இல்லை. சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். பிழைத்து, கை கால் முறிந்து கிடப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு.

நம் ஊரில் புத்தூர் கட்டு இருப்பதுபோல ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஊருக்கு ஊர் எலும்பு வைத்தியர்கள் உண்டு. மூங்கில் பட்டையும் பச்சிலையும் வைத்துக் கட்டுவார்கள். பலர் முதலில் அங்கேதான் போகிறார்கள். செலவு குறைவு, பக்கத்திலேயே இருக்கிறார், பேசுகிற மொழி புரிகிறது. விலகாத சின்ன முறிவு பெரும்பாலும் தானே கூடிவிடும். தொடை எலும்பு இரண்டாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் அது நடக்காது. தொடைத் தசைகள் உடலிலேயே வலுவானவை, உடைந்த துண்டுகளை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியே கூடினால் ஒரு கால் குட்டையாகிவிடும், பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். மூட்டை தூக்குவதும் வண்டி மிதிப்பதும் அத்தோடு முடிந்தது.

வெயிட் கட்டித் தொங்கவிடும் முறையிலும் தொடை எலும்பு கூடும்தான். அதற்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ மல்லாந்து படுத்திருக்க வேண்டும். படுக்கைப் புண் வரும், முழங்கால் இறுகிவிடும். அந்த ஊர் மருத்துவமனைகளில் சாப்பாடு, துணி துவைப்பது, கழுவிவிடுவது எல்லாம் வீட்டு ஆள் பொறுப்பு. ஒருவர் படுத்தால் இரண்டு பேர் வருமானம் போகிறது. கம்பி வைத்துவிட்டால் சில நாளில் அக்குள்கட்டை ஊன்றி எழுந்துவிடலாம். எலும்பு முழுதாகக் கூட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஆனால் அந்தக் காலத்தை மனிதர் நடமாடிக்கொண்டே கழிப்பார்.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நீள எலும்புகளின் நடுவில் மஜ்ஜை இருக்கும் குழாய் ஒன்று ஓடுகிறது. பேனாவுக்குள் ரீஃபில் போடுவதுபோல, அந்தக் குழாய்க்குள் கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இறங்கும். பிறகு மேலும் கீழும் குறுக்கே ஸ்க்ரூ போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் எலும்பு சுழலும், இறங்கும். கம்பியில் இருக்கும் ஓட்டையும் வெளியிலிருந்து துளைக்கும் ட்ரில்லும் ஒரே கோட்டில் வர வேண்டும், ஆனால் கம்பி எலும்புக்குள் மறைந்து கிடக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியைத் திரையில் பார்த்துக்கொண்டே துளைப்பார்கள். அந்தக் கருவி விலை அதிகம். மின்சாரம் நிலையாக வேண்டும், பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரிச்லாந்து என்ற ஊரில் லூயிஸ் ஜிர்க்கிள் என்ற எலும்பு மருத்துவர் 1999-இல் ‘சைன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் செய்த கம்பியோடு ஒரு வழிகாட்டிச் சட்டமும் வரும். கம்பியின் தலையில் பூட்டப்பட்டு, தொடைக்கு வெளியே கம்பிக்கு இணையாக நிற்கும். சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் உள்ளேதான் கம்பியின் ஓட்டை. சி-ஆர்ம் இல்லாத தியேட்டரிலும் ஸ்க்ரூ சரியாக இறங்குகிறது. கம்பிகளை மருத்துவமனைகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கிறார்கள். மருத்துவர் ஒவ்வொரு அறுவைக்கும் முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயை அவர்களின் தரவுத்தளத்தில் ஏற்றினால் செலவான கம்பிக்குப் பதில் கம்பி வரும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. கணக்குக் காட்டினால்தான் சரக்கு. அந்த எக்ஸ்ரே மற்ற மருத்துவர்கள் கருத்துச் சொல்லவும் பயன்படுகிறது.

வழியைத் தேர்ந்தெடுங்கள்

பெயரும் முகமும் தெரிந்த ஒரு நோயாளிக்குக் கொடுப்பது ஒரு வழி. இதில் அதிகம் பேசப்படுவது ‘வாட்சி’ என்ற அமைப்பு. கோஸ்டாரிகாவில் தன்னார்வலராக வேலை பார்த்த சேஸ் ஆடம், மகனின் சிகிச்சைக்காகப் பேருந்தில் பணம் கேட்ட ஒரு தாயைப் பார்த்த பிறகு எழுந்த யோசனை அது. அந்தப் பேருந்து கடந்துகொண்டிருந்த ஊரின் பெயரே அமைப்புக்கும் வந்தது. 2012-இல் தொடங்கியது. கென்யா, தாய்லாந்து–மியான்மர் எல்லை போன்ற இடங்களில் உள்ள மருத்துவப் பங்காளிகள் நோயாளியின் கதையையும் தேவையான தொகையையும் அனுப்புவார்கள். பலர் சேர்ந்து நிரப்புவார்கள். நோயாளிக்கென்று கொடுக்கும் தொகை முழுவதும் சிகிச்சைக்கே போகும், அலுவலகச் செலவுக்குத் தனியாகத் திரட்டுகிறார்கள். எலும்பு முறிவு அறுவைக்குக் கேட்கும் தொகை பெரும்பாலும் 1,000 முதல் 1,500 டாலருக்குள் இருக்கும்.

எல்லை என்று சொன்னேன் இல்லையா, தாய்லாந்தின் மே சோட் ஊர் அதற்கு நல்ல உதாரணம். மியான்மரிலிருந்து வந்து தோட்டங்களிலும் தையல் ஆலைகளிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் அங்கே ஏராளம். காகிதம் இல்லாதவருக்குக் காப்பீடும் இல்லை. மருத்துவர் சிந்தியா மாங் 1989-இல் தொடங்கிய மே தாவ் மருத்துவமனை அவர்களுக்கு முதல் கதவு. தகடு வைக்கும் அளவுக்குப் பெரிய முறிவு என்றால் தாய்லாந்து அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அங்கே பில் வரும். அந்தப் பில்லுக்குத்தான் வெளியார் பணம்.

இரண்டாவது வழி, முகம் பார்க்காமல் பொருளுக்கோ மருத்துவமனைக்கோ கொடுப்பது. சைனுக்குக் கொடுத்தால் கம்பியாகப் போகும். இத்தாலியில் 1994-இல் தொடங்கிய ‘எமர்ஜென்சி’ அமைப்பு சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனுக்கு அருகே கோடரிச் என்ற இடத்தில் 2001 முதல் அறுவை மருத்துவமனை நடத்துகிறது. சிகிச்சை இலவசம். அங்கே கொடுக்கும் பணம் சம்பளமாக, மயக்க மருந்தாக, ஜெனரேட்டர் டீசலாகப் போகும். கேட்கச் சுவாரசியம் இல்லைதான். ஆனால் டீசல் இல்லாத இரவில் எந்தக் கம்பியும் உள்ளே போகாது.

மூன்றாவது, பயிற்சிக்குக் கொடுப்பது. ‘ஏஓ அலையன்ஸ்’ என்ற அமைப்பு ஆப்பிரிக்க நாடுகளில் மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் எலும்பு முறிவு சிகிச்சையைக் கற்றுத்தருகிறது. அறுவை இல்லாமல் மாவுக்கட்டை ஒழுங்காகப் போடுவதும் அதில் அடக்கம். ஒழுங்கான மாவுக்கட்டால் தப்பிக்கும் ஆபரேஷன்கள் நிறைய.

என் கருத்தைக் கேட்டால்: முதல் தடவைக்கு முகம் தெரிந்த நோயாளியிடம் போங்கள். பணம் எப்படிப் போகிறது, என்ன ஆனது என்று கண்ணால் பார்க்க அதுவே நல்லது. பழகிய பின் இரண்டாவது வழிக்கு மாறுங்கள். எலும்பு யாருக்காகவும் காத்திருக்காது. விபத்து நடந்த அன்று மருத்துவமனையில் கம்பி கையிருப்பில் இருக்க வேண்டும் என்றால், யாரோ ஒருவர் முன்பே, எந்த முகத்தையும் பார்க்காமல், பணம் கட்டியிருக்க வேண்டும்.

ஒரு ரூபாய்க்கு அதிகபட்ச உயிர் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கிவ்வெல் போன்ற அமைப்பின் முதல் வரிசையில் கொசுவலை, மலேரியா மாத்திரை, வைட்டமின் ஏ, தடுப்பூசி ஊக்கத்தொகை இவைதான் இருக்கும், எலும்பு அறுவை இருக்காது. அவர்கள் கணக்கு தப்பில்லை. உங்களுக்கு அதுதான் முக்கியம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அங்கே கொடுக்கலாம், ஒன்றும் குறையில்லை.

நோயாளியின் பக்கத்தை எப்படிப் படிப்பது?

படத்தையும் குடும்பக் கதையையும் பிறகு பாருங்கள். முதலில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த எலும்பு, எப்போது முறிந்தது, என்ன செய்யப்போகிறார்கள். “மோட்டார் சைக்கிளில் போகும்போது கார் மோதி வலது டிபியா முறிந்தது, தகடும் ஸ்க்ரூவும் வைத்து நிமிர்த்தப் போகிறோம், இத்தனையாம் தேதி” என்று தெளிவாக இருந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியும். டிபியா என்பது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு. அதன் முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே சதை இல்லாமல் இருப்பதால் சுலபமாகத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அப்படி வந்த முறிவு என்றால் உடனே ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மண்ணும் செத்த சதையும் போகக் கழுவியிருக்க வேண்டும். அது தாமதமாகியிருந்தால் எலும்புக்குள் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. ஒரு ஆபரேஷனோடு முடியாமலும் போகலாம். இதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள், பயந்து விலக வேண்டாம்.

முறிந்து பல மாதமான பழைய முறிவு என்றால் வேலை கடினம். கோணலாகக் கூடியதைத் திரும்ப உடைத்து நிமிர்த்த வேண்டும், சிலருக்கு இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும். அதே காலுக்கு உடனே செய்வதைவிடச் செலவும் அதிகம், பலனும் குறைவு. பக்கத்தில் ‘முழுக் குணம்’ என்று எழுதியிருந்தால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

அப்புறம் தொகை. அதில் எதெல்லாம் அடக்கம் என்று பாருங்கள். தியேட்டர், மயக்க மருந்து, கம்பி அல்லது தகடு, எக்ஸ்ரே, மருந்து, வார்டு, ட்ரெஸ்ஸிங் எல்லாம் பொதுவாகச் சேர்ந்திருக்கும். திரும்பிப் பார்க்க வரும் செலவும் பிசியோதெரபியும் பல நேரம் இருக்காது. மாதக்கணக்கில் போகும் கூலியை யாரும் ஈடுசெய்வதில்லை. நோயாளியும் தன்னால் முடிந்த ஒரு பகுதியைக் கட்டியிருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள். அது நல்ல அறிகுறி.

இன்னொரு கேள்வி முக்கியம்: பணம் முழுதாகச் சேர்ந்த பிறகுதான் ஆபரேஷனா, அல்லது முதலில் செய்துவிட்டுப் பிறகு நிரப்புகிறார்களா? நல்ல அமைப்புகள் மருத்துவமனைக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்துவிடும். நீங்கள் பணம் போடும் நாளில் அவருக்கு அறுவை முடிந்திருக்கவும் கூடும். சிலர் இதைக் கேட்டதும் ‘அப்போ என் பணம் எதற்கு?’ என்று முகம் சுளிக்கிறார்கள். உங்கள் பணம் அந்த உறுதியைக் காப்பாற்றுகிறது, அடுத்தவருக்கும் உறுதி கொடுக்க வைக்கிறது. பணம் சேரும்வரை உடைந்த காலோடு ஒருவரைக் காக்க வைத்து, அந்தக் காத்திருப்பையே காட்டி வசூல் செய்யும் பக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

அமைப்பைச் சரிபாருங்கள்

அமெரிக்க அமைப்பு என்றால் 990 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம் பொதுவில் கிடைக்கும். புரோபப்ளிகா தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பிரிட்டன் அமைப்பு என்றால் சாரிட்டி கமிஷன் பதிவேடு. வருமானம், சம்பளம், கையிருப்பு இந்த மூன்றையும் பார்த்தால் போதும், பத்து நிமிட வேலை. நிர்வாகச் செலவு சுழியம் என்று யாராவது சொன்னால் மகிழ வேண்டாம். அந்தச் செலவை வேறு யார் கட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கணக்கு எழுத ஆள் இல்லாத அமைப்பு நல்ல அமைப்பு ஆகிவிடாது.

வாட்ஸ்அப்பில் வரும் ரத்தக் காயப் படமும் தனிநபர் கணக்கு எண்ணும் இந்த வட்டத்துக்குள் வராது. அந்தப் படம் வேறு நாட்டில், வேறு வருடம் எடுத்ததாகக்கூட இருக்கும். உண்மையாகவே தெரிந்தவர் மூலம் வந்திருந்தால், மருத்துவமனையின் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் வாங்கி, மருத்துவமனையின் சொந்தத் தொலைபேசி எண்ணை நீங்களே தேடிப் பேசி, பணத்தை மருத்துவமனைக் கணக்குக்கே அனுப்புங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் மட்டும் அவசரப்படாதீர்கள்.

பணம் அனுப்பும்போது

இந்தியாவிலிருந்து தனிநபர் வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்புவது சட்டப்படி சரி. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை இடம் இருக்கிறது, நாம் பேசுவது அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. எஃப்சிஆர்ஏ சட்டம் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். அது வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் நன்கொடைக்கானது. 80ஜி வரிச்சலுகை மட்டும் வெளிநாட்டு அமைப்புக்குக் கிடைக்காது.

கார்டில் கட்டுவதற்கு முன் வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் மூடிவிடுங்கள். பல கார்டுகளில் நாணய மாற்றுக் கட்டணம் 2 முதல் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. மாதாமாதம் தானாகக் கழியும்படி வைத்தால் இந்திய கார்டுகளில் பெரும்பாலும் தோற்றுப்போகும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதியை இறுக்கியதிலிருந்து இப்படித்தான். காலண்டரில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு முறை கையால் கட்டுவது சுலபம். பணம் செலுத்தும் திரையில் ‘தளத்துக்கான விருப்பத் தொகை’ என்று ஒன்று முன்பே நிரப்பியிருக்கும். கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

நண்பர்களிடம் வசூலித்து மொத்தமாக அனுப்பும் யோசனை வந்தால், அமீரகத்தில் இருப்பவர்கள் கவனம். உரிமம் இல்லாமல் பொதுவில் நன்கொடை திரட்டுவது அங்கே குற்றம், அது வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும். அவரவர் தனித்தனியாகவே அனுப்பிவிடுங்கள். மற்ற இடங்களில் குழுவாகச் செய்தால் ரசீதைக் குழுவிலேயே போட்டுவிடுங்கள், பேச்சு வராது.

கொடுத்த பிறகு

சில வாரத்திலோ மாதத்திலோ ஒரு மின்னஞ்சல் வரும். எக்ஸ்ரே படம் இருக்காது. அது நோயாளியின் அந்தரங்கம். ‘அறுவை முடிந்தது, அக்குள்கட்டையோடு நடக்கிறார், வேலைக்குத் திரும்ப ஆசைப்படுகிறார்’ என்று இரண்டு பத்தி இருக்கும். சில சமயம் தொற்று வந்து திரும்பச் சேர்த்திருக்கிறார்கள் என்று வரும். மிக அபூர்வமாக இறந்துவிட்டார் என்றும் வரும். இப்படிப்பட்ட செய்தியையும் மறைக்காமல் அனுப்புகிற அமைப்பை நான் அதிகம் நம்புவேன். அவர் சிகிச்சைக்கே வரவில்லை என்றால் உங்கள் தொகை வேறு நோயாளிக்குப் போகும். அந்த விதி எழுத்தில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

நோயாளியின் பெயரை வைத்து ஃபேஸ்புக்கில் தேடி ‘நான்தான் உங்கள் காலுக்குக் கட்டினேன்’ என்று செய்தி அனுப்புவது வேண்டாம். அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதும் வேண்டாம். அந்தத் தளத்தில் போட அவர் சம்மதித்திருக்கிறார், நம் சித்தப்பா குழுவில் போட இல்லை. சொல்லத் தோன்றினால் அமைப்பின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் ஆகியும் செய்தி வரவில்லை என்றால் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மலைப்பகுதி மருத்துவமனையில் ஒரே ஒருவர்தான் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், தாமதமாகும். இரண்டு முறை கேட்டும் பதிலே இல்லை என்றால் சண்டை போட வேண்டாம், அடுத்த தடவை வேறு அமைப்புக்குக் கொடுங்கள்.